எக்ஸ்3-ஆ, ஜிஎல்சி-யா? பெங்களூரில் வாங்குவதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்ற ஆண்டு என் அண்ணன் ஒரு சொகுசு எஸ்யூவி வாங்குவதென்று முடிவு செய்தபோது, பிஎம்டபிள்யூ எக்ஸ்3, மெர்சிடிஸ் பென்ஸ் ஜிஎல்சி ஆகிய இரண்டையும் நான்கு மாதங்கள் மாறி மாறி ஓட்டியும், பின்னால் உட்கார்ந்தும், விலைத்தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்தும் பார்த்தோம். அன்று முதல் அல்சூரிலும் ஒயிட்ஃபீல்டிலும் இருக்கும் உறவினர்கள், ஓசூரில் தொழில் நடத்தும் நண்பர்கள் என்று பலரும் கேட்பவை ஏறத்தாழ ஒரே கேள்விகளாகவே இருப்பதால், அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

ஜிஎல்சியின் இப்போதைய தலைமுறை 2023 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது. அன்று அதன் ஷோரூம் விலை பெட்ரோலுக்கு 73.5 லட்சம் ரூபாய், டீசலுக்கு 74.5 லட்சம் ரூபாய். எக்ஸ்3-இன் நான்காம் தலைமுறை 2025 ஜனவரியில் பெட்ரோல் 75.8 லட்சத்துக்கும் டீசல் 77.8 லட்சத்துக்கும் அறிமுகமானது. இரண்டிலும் இரண்டு லிட்டர் டர்போ இன்ஜின், இன்ஜினுக்குச் சிறிது கைகொடுக்கும் 48 வோல்ட் மின் மோட்டார் (மைல்டு ஹைப்ரிட்), நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்பு ஆகியவை உண்டு. கியர்பாக்ஸ் ஜிஎல்சியில் ஒன்பது படி, எக்ஸ்3-இல் எட்டுப் படி.

எக்ஸ்3 அறிமுகமானபோது பெட்ரோலில்தான் பெரிய இடைவெளி இருந்தது. ஜிஎல்சி 300 தருவது 258 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் இழுவிசை. 2025-இல் அறிமுகமான எக்ஸ்3 20 எக்ஸ்டிரைவ் தருவது 190 குதிரைத்திறன், 310 நியூட்டன் மீட்டர். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை முன்னது 6.2 வினாடியிலும் பின்னது 7.8 வினாடியிலும் தொடுவதாக நிறுவனங்கள் சொல்கின்றன. டீசலில் இரண்டும் 197 குதிரைத்திறன்தான்; இழுவிசையில் மட்டும் ஜிஎல்சி 220டி-க்கு 440, எக்ஸ்3 20டி-க்கு 400. ஆகவே "பென்ஸ் என்றால் சொகுசு, பிஎம்டபிள்யூ என்றால் வேகம்" என்று பழகிப்போன வாசகத்தை நம்பி எக்ஸ்3 20 எக்ஸ்டிரைவை முன்பதிவு செய்பவர்கள், அந்த வாசகம் இந்த இணைக்குப் பொருந்துகிறதா என்று முதலில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

அறிமுக விலையை இன்றும் அடிப்படையாகக் கொள்ளலாமா?

கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதமாக ஆக்கப்பட்டது. அதற்கு முன் 28 சதவீத ஜிஎஸ்டியும் 22 சதவீத இழப்பீட்டு செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதமாக இருந்தது. கணக்குப்படி பார்த்தால் ஷோரூம் விலையில் ஏறத்தாழ 6.7 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். பழைய ஒப்பீடுகளைப் படிக்கும்போது அவை எந்தத் தேதியில் எழுதப்பட்டவை என்று பார்த்துவிட்டு, எழுத்தில் கேட்டு வாங்கிய அந்த வார விலைத்தாளை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் ஆன்ரோடு விலை ஏன் இவ்வளவு தாண்டிப் போகிறது?

கர்நாடகத்தில் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல் கார்களுக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம். அந்த வரியின் மேல் செஸ் தனி. 72 லட்சம் ரூபாய் வண்டி என்று வைத்துக்கொண்டால் வரி மட்டும் 12.96 லட்சம், செஸ்ஸோடு சேர்த்துப் பதினான்கு லட்சத்தைத் தாண்டும். ஜிஎஸ்டி அடங்கிய விலையின் மேல்தான் இது கணக்கிடப்படுகிறது. வரிக்கே வரி கட்டுகிறோமே என்று அண்ணன் அலுத்துக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது.

இதற்கு மேல் காப்பீடு, ஃபாஸ்டேக், பதிவுக் கட்டணம், கூடவே 1 சதவீத டிசிஎஸ், அதாவது விற்பனையின்போதே வசூலிக்கப்படும் வருமான வரி. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு விற்பவர் பிடிக்கும் இந்த டிசிஎஸ் உண்மையில் செலவு அன்று. அது உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்படுவதால், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். எழுபதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட இந்தத் தொகையைச் செலவென்று எண்ணி அப்படியே விட்டுவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

ஓசூர் முகவரியிலோ புதுச்சேரியிலோ பதிவு செய்தால் மிச்சமாகாதா?

ஓசூரில் வீடு இருப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம் என்பதால், மிச்சம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. வண்டி உண்மையிலேயே ஓசூரில்தான் நிற்கப்போகிறது என்றால் அங்கே பதிவு செய்யுங்கள். மற்றபடி கர்நாடகப் பதிவே நிம்மதி.

புதுச்சேரியில் வரி குறைவு என்பது உண்மைதான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி, வேறு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். வரியும் இங்கே கட்ட வேண்டும். கர்நாடகப் போக்குவரத்துத் துறை வெளிமாநில எண் கொண்ட விலையுயர்ந்த கார்களைத் தேடித் தேடிப் பிடிக்கிறது. இல்லாத வாடகை ஒப்பந்தத்தைக் காட்டிப் பதிவு செய்வதோ வரிச் சிக்கலோடு நில்லாமல் போலி ஆவண வழக்கு வரை போகும். எண்பது லட்சம் ரூபாய் வண்டியை வாங்கிவிட்டு ஒவ்வொரு சிக்னலிலும் போலீஸ்காரரைப் பார்த்து நெஞ்சு படபடக்க வேண்டியதில்லை.

எந்த ஷோரூமில் பேரம் பேச முடியும்?

மெர்சிடிஸ் பென்ஸ் 2021 அக்டோபரில் இந்தியாவில் நேரடி விற்பனை முறைக்கு மாறிவிட்டது. காருக்கு உரிமையாளரும், ரசீது தருவதும் நிறுவனமே. டீலர் இடையில் நின்று சேவை செய்பவர் மட்டுமே. எனவே ஜிஎல்சியின் ஷோரூம் விலை சென்னையிலும் புனேயிலும் பெங்களூரிலும் ஒன்றேதான். ஒரு டீலரிடம் சொன்ன விலையைக் காட்டி இன்னொருவரிடம் குறைக்கச் சொல்வதில் பயனில்லை. நிறுவனமே அறிவிக்கும் சலுகைகள் எப்போது வருகின்றன என்று கவனிப்பதுதான் வழி.

எக்ஸ்3 விற்கும் டீலர் தன் லாபத்திலிருந்து விட்டுக்கொடுக்க இடமுண்டு. மாதக் கடைசியிலும், டிசம்பரில் முந்தைய தயாரிப்பு ஆண்டு வண்டிகள் தேங்கும்போதும் அந்த இடம் அகலமாகும். "காப்பீடு இலவசம், சர்வீஸ் தொகுப்பு இலவசம், ஆக்சஸரி இலவசம்" என்று அடுக்கும்போது மயங்கிவிடாமல், ஒவ்வொன்றுக்கும் வெளியில் என்ன விலை என்று ரூபாயில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். நாங்கள் போன ஒரு ஷோரூமில் காப்பீட்டை அங்கேயே எடுத்தால்தான் தள்ளுபடி என்றார்கள். அதே பாதுகாப்பை வெளியே விசாரித்தபோது கிடைத்த விலையைக் கழித்துப் பார்த்ததில் அந்தத் தள்ளுபடியில் பாதி கரைந்துபோனது.

பெற்றோரைப் பின்னால் உட்காரவைத்து ஊருக்குப் போவோம். எது ஏற்றது?

என்னைக் கேட்டால் இந்த ஒப்பீட்டில் முடிவைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி இதுதான். ஆனால் பெரும்பாலோர் இதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். இரண்டு வண்டிகளையும் வாங்குபவர் முன் இருக்கையில் அமர்ந்து முடிவு செய்கிறார். அடுத்த ஏழு ஆண்டுகள் அதன் பின் இருக்கையில் அமரப்போகிறவர் அன்று வீட்டில் இருக்கிறார்.

ஜிஎல்சியின் சக்கர இடைவெளி 2,888 மி.மீ., எக்ஸ்3-க்கு 2,865 மி.மீ.; டிக்கி முறையே 620, 570 லிட்டர். இந்த எண்களை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. நாங்கள் அம்மாவை அழைத்துப்போய் இரண்டிலும் மும்மூன்று முறை ஏறி இறங்கச் சொன்னோம். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு இருக்கையின் உயரம், வாசல் விளிம்பின் அகலம், கதவு எவ்வளவு தூரம் திறக்கிறது, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி எங்கே இருக்கிறது ஆகிய நான்கும்தான் கார். மழைநாளில் விளிம்பில் ஒட்டியிருக்கும் சேறு புடவைக் கொசுவத்தில் படுமா என்பதை அம்மா பார்த்தார், எங்களுக்குத் தோன்றவில்லை.

பின் இருக்கையில் அமர்ந்து சர்ஜாபூர் சாலையின் பள்ளங்களில் போனபோது, ஜிஎல்சி மேடு பள்ளங்களை மெதுவாக விழுங்கியது போலவும், எக்ஸ்3 சற்று இறுக்கமாகக் குலுக்கியது போலவும் எங்களுக்குப் பட்டது. நெடுஞ்சாலையில் நிலைமை மாறியது. கிருஷ்ணகிரி தாண்டி வேகம் கூடியபோது எக்ஸ்3-இன் அந்த இறுக்கமே உடலை அலையவிடாமல் பிடித்து வைத்தது. அம்மா ஜிஎல்சி என்றார். அண்ணன் ஜிஎல்சி 300 வாங்கினார். ஓட்டுவது நானாக, பின்னால் யாரும் இல்லாத வாழ்க்கையாக இருந்திருந்தால் நான் எக்ஸ்3 20டி எடுத்திருப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருப்பங்களில் அதன் ஸ்டியரிங் கைக்குச் சொல்லும் செய்தி மற்றதில் இல்லை.

மூன்றாவது ஆளைப் பின்னால் நடுவில் உட்காரவைக்க இரண்டுமே உகந்தவை அல்ல. தரையில் உயர்ந்த மேடு இரண்டிலும் உண்டு. நடுவில் அமர்பவர் கால்களை இருபுறமும் பரப்பித்தான் வைக்க வேண்டும்.

பெட்ரோலா, டீசலா?

ஊருக்குப் போவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும், மற்ற நாட்களில் சில்க் போர்டு, அவுட்டர் ரிங் ரோடு என்றால் தயங்காமல் பெட்ரோல் எடுங்கள். பிஎஸ்6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது எரித்துச் சாம்பலாக்க வேண்டுமானால் புகைபோக்கி நெடுநேரம் நல்ல சூட்டில் இருக்க வேண்டும். தடையில்லாத சாலையில் சீரான வேகத்தில் இருபது நிமிடம் போனால் தானாகவே நடந்துவிடும். மணிக்குப் பத்து கி.மீ. வேகத்தில் ஊர்ந்து, வீடு வந்ததும் அணைத்து, மறுநாளும் அதையே செய்தால் கரி சேர்ந்துகொண்டே போகும். முதலில் எச்சரிக்கை விளக்கு எரியும். அதைப் பொருட்படுத்தாமல் விட்டால் இன்ஜின் தன் திறனைக் குறைத்துக்கொள்ளும். பிறகு சர்வீஸ் நிலையத்தில் செலவு. புகையிலுள்ள நச்சு வாயுவைக் குறைக்கும் ஆட்ப்ளூ திரவத்தையும் அவ்வப்போது நிரப்ப வேண்டும்.

மாதம் இருமுறை கோவைக்கோ மதுரைக்கோ போய்வருபவர்களுக்கு நிலைமை நேர்மாறு. அந்த ஓட்டத்தில் வடிகட்டி தானே சுத்தமாகும். ஒருமுறை டாங்கை நிரப்பினால் நெடுந்தூரம் போகும். தொப்பூர்க் கணவாயின் ஏற்றத்தில் ஐந்து பேரும் பெட்டிகளும் இருந்தாலும் டீசலின் இழுவிசைக்கு மூச்சு வாங்காது. இறக்கத்தில் மட்டும், எந்த வண்டியானாலும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடில் ஷிஃப்டரால் கியரைக் குறைத்து இன்ஜினையே தடையாகப் பயன்படுத்துங்கள்.

டீசல் வண்டிக்குப் பத்து ஆண்டுக் கெடு என்பது டெல்லியையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த பேச்சு. கர்நாடகத்தில் அப்படியொரு விதி இல்லை. பெட்ரோல் எடுப்பவர்கள், எத்தனால் கலந்த இ20 எரிபொருளால் மைலேஜ் சற்றுக் குறையும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் நிறுத்த முடியுமா?

எக்ஸ்3-இன் அகலம் 1,920 மி.மீ., ஜிஎல்சிக்கு 1,890 மி.மீ.; பக்கக் கண்ணாடிகள் இதில் சேரவில்லை. முப்பது மி.மீ. வேறுபாடு சிறிதென்று தோன்றினாலும், இரு தூண்களுக்கு நடுவே நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்கும்போது தெரியும். டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். இயந்திர அடுக்கு நிறுத்தம் உள்ள கட்டடங்களில் தட்டின் எடை வரம்பையும் கேளுங்கள். இவை இரண்டு டன்னை நெருங்கும் வண்டிகள். டெஸ்ட் டிரைவின்போது காரை வீட்டுக்கே வரவழைத்து, ஐந்து பேரை ஏற்றி உங்கள் சரிவுப்பாதையில் இறக்கிப் பார்ப்பது எந்த கிரவுண்ட் கிளியரன்ஸ் அட்டவணையையும்விட நம்பகமானது.

வெள்ளம் வந்தால் காப்பீடு உதவுமா?

2022 செப்டம்பரில் எமலூர், பெல்லந்தூர்ப் பக்கம் சொகுசுக் கார்கள் கூரை வரை மூழ்கிக் கிடந்த படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் நியாயமானதே. வழக்கமான முழுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்கும். ஆனால் நீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, அதனால் உள்ளே தண்டுகள் வளைந்தால், அது விளைவுச் சேதம் என்று தள்ளிவிட வாய்ப்புண்டு. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுப்பது பெங்களூரில் ஆடம்பரம் அன்று. நீரில் நின்ற வண்டியை எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள்; இழுத்துச் செல்லும் லாரியை வரவழையுங்கள்.

பாகங்களை மாற்றும்போது தேய்மானத்தைக் கழிக்காத காப்பீட்டோடு (ஜீரோ டெப்), ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் பிரிவையும் முதல் மூன்று ஆண்டுகளுக்கு எடுங்கள். வண்டி ஓராண்டைத் தாண்டியதும் காப்பீட்டு மதிப்பு 20 சதவீதமும், இரண்டாண்டைத் தாண்டியதும் 30 சதவீதமும் குறைக்கப்படுகிறது. வண்டி முழுதாக அழிந்தாலோ திருடுபோனாலோ, அந்தக் குறைந்த மதிப்புக்கும் நீங்கள் கொடுத்த விலைக்கும் இடையே உள்ள பள்ளத்தை நிரப்புவது இந்தப் பிரிவுதான்.

எக்ஸ்3 சென்னையில் தயாராகிறதே, உதிரிப்பாகம் மலிவாக இருக்குமா?

சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் 2007 முதல் இயங்கும் ஆலையில் அது பொருத்தப்படுகிறது. ஜிஎல்சி புனே அருகே சாகனில். இரண்டுமே பாகங்களாக வந்து இங்கே கோக்கப்படுபவை. முழு வண்டியாக இறக்குமதி செய்வதைவிடச் சுங்க வரி குறைவு என்பதால்தான் விலை இந்த அளவில் நிற்கிறது. அந்த நன்மை ஹெட்லைட்டுக்கோ முன்கண்ணாடிக்கோ நீள்வதில்லை. இரண்டு நிறுவனங்களிடமும் முன்கண்ணாடி, ஒரு முகப்பு விளக்கு, நான்கு டயர், பிரேக் பேடு ஆகியவற்றின் விலையை எழுதி வாங்குங்கள். தயங்காமல் தருகிறார்களா என்பதும் ஒரு தகவல்தான். ஸ்டெப்னி இருக்கிறதா, காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயரா என்பதையும் டிக்கியின் தரையைத் தூக்கிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

திரைகளும் வசதிகளும்?

ஜிஎல்சியில் நிமிர்ந்து நிற்கும் 11.9 அங்குலத் திரை, எக்ஸ்3-இல் வளைந்த 14.9 அங்குலத் திரை. ஏசியைக் கூட்டிக் குறைப்பதற்கும் இரண்டிலும் திரையைத் தொட வேண்டியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஓட்டிக்கொண்டே அதைச் செய்து பாருங்கள்.

கடன் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மாதத் தவணை வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாகச் சொல்லப்பட்டால், அது பெரும்பாலும் பலூன் திட்டமாக இருக்கும். விலையின் ஒரு பெரும் பகுதி கடைசித் தவணையாக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும்; அன்று அதைக் கட்டி வண்டியை வைத்துக்கொள்ளலாம், அல்லது உறுதியளிக்கப்பட்ட விலைக்குத் திருப்பிக் கொடுக்கலாம். மூன்று, நான்கு ஆண்டில் வண்டியை மாற்றுபவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் கிலோமீட்டர் வரம்பு, கீறலுக்கான கழிவு ஆகிய நிபந்தனைகளைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.

நிறுவனப் பெயரில் வாங்கும் தொழில்முனைவோர் தேய்மானத்தையும் கடன் வட்டியையும் செலவாகக் காட்டலாம். கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கார் விற்பனை, வாடகைக்கு விடுதல் போன்ற தொழில் செய்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு அதைத் தடுக்கிறது.

மின்சார எக்ஸ்3-க்கும் ஜிஎல்சிக்கும் காத்திருக்கலாமா?

மின்சார ஐஎக்ஸ்3, மின்சார ஜிஎல்சி இரண்டும் 2025 செப்டம்பரில் மியூனிக் கண்காட்சியில் காட்டப்பட்டன. மின்வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமே என்பது பெரிய ஈர்ப்பு. உங்கள் நிறுத்துமிடத்தில் சார்ஜர் பொருத்தக் குடியிருப்போர் சங்கம் சம்மதிக்குமா என்று இன்றே கேளுங்கள். சம்மதமில்லை என்றால் காத்திருப்பதில் பொருளில்லை.

டெலிவரி எடுக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

பதிவுக்கு முன், பகல் வெளிச்சத்தில், வண்டி கிடங்கில் நிற்கும்போதே பாருங்கள். பதிவான பிறகு எந்தக் குறையைச் சொன்னாலும் "சரிசெய்து தருகிறோம்" என்ற பதில்தான் வரும். வண்டியை மாற்றித் தரமாட்டார்கள். சேசிஸ் எண் ரசீதோடு ஒத்துப்போக வேண்டும். விற்பனைச் சான்றான படிவம் 21-இல் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். புத்தாண்டை ஒட்டி வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். நான்கு டயர்களில் ஒன்று மட்டும் வேறு தேதி காட்டினால் ஏனென்று கேளுங்கள். கதவுகளின் இடைவெளிகள் ஒரே சீராக இருக்கின்றனவா, பம்பரின் நிறம் உடலின் நிறத்தோடு பொருந்துகிறதா என்று சற்று விலகி நின்று பாருங்கள். அண்ணனின் வண்டியில் பின்கதவின் ரப்பர் பட்டை ஒரு மூலையில் பிதுங்கியிருந்தது. கையெழுத்திடும் முன் சொன்னதால் அன்று மாலையே மாற்றித் தந்தார்கள்.